கர்ப்பிணி ‘ஏதோ சரியில்லை’ என்றால் உடனே கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவத்துக்குச் சேர்த்த பெண் இறந்துவிட்டார், உறவினர்கள் ஆஸ்பத்திரியை முற்றுகையிட்டார்கள், போலீஸ் வந்து சமாதானம் பேசியது என்கிற மாதிரிச் செய்தி மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. படிக்கிறவர்கள் டாக்டர் மேல் தப்பா, நர்ஸ் மேல் தப்பா என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும், விசாரிக்க வேண்டியதுதான், நான் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், அந்தச் செய்தியைப் பார்த்ததும் எனக்குள் எழுகிற கேள்வி வேறு. அந்தப் பெண்ணுக்கு முதல் நாள் என்ன செய்தது? அதற்கு முந்தின நாள்? தலை வலிக்கிறது, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் யாரிடமாவது சொன்னாளா, சொன்னபோது என்ன பதில் கிடைத்தது? அது மட்டும் செய்தியில் வருவதே இல்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் கிடையாது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் அதில் இறந்துபோகிற தாய்மார்கள் இந்திய அளவில் 97 பேர், நம் மாநிலத்தில் 54 பேர். பக்கத்துக் கேரளாவில் அது 19தான். இங்கே 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகாததால் இவர்கள் சாகவில்லை. போனார்கள், ஆனால் எப்போது போனார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரத்தப்போக்கு, பிபி ஏறி வலிப்பு, கிருமித் தொற்று, இதயக் கோளாறு, இவைதான் தாய்மார்களைக் கொண்டுபோகிற முக்கியக் காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே ஏதாவது ஒரு அறிகுறியைக் காட்டும். காட்டுகிற நேரத்தில் அந்தப் பெண் இருப்பது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட மரணச் செய்தியைப் போடும்போதெல்லாம் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் கட்டி, கர்ப்பிணிக்கு என்னென்ன தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதையும், ஆம்புலன்ஸுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகிய எண்களையும் போடுங்கள். டீக்கடையில் பேப்பர் படிக்கிற மாமனாரின் கண்ணிலும் அது படட்டும். கட்டத்துக்குள் என்ன எழுதலாம் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கர்ப்பிணி எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். தலைவலியா, வெயிலில் போயிருப்பாய். நெஞ்சுக்குழியில் வலியா, கேஸ். அடிவயிறு இழுக்கிறதா, சூட்டு வலி. முகம் உப்பியிருக்கிறதா, பிள்ளைத்தாய்ச்சி முகம் அப்படித்தான் இருக்கும். மூச்சு வாங்குகிறதா, ரெண்டு உசுரு இல்லையா. பிள்ளை அசையவில்லையா, தூங்குது. யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. பல தடவை அவர்கள் சொன்னது சரியாகவும் இருந்துவிடும், சிக்கலே அங்கேதான். மூன்று பிள்ளை பெற்ற மாமியாருக்குத் தன் உடம்பில் நடந்ததுதான் பாடம், அவருக்கு அந்தத் தலைவலி தைலம் தடவினாலே போயிருக்கும். மருமகளுக்கு வந்திருக்கிற தலைவலியும் அதேதானா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அனுபவம் உள்ள நர்ஸாலும் முடியாது. கையில் பட்டையைக் கட்டி பிபி பார்த்தால்தான் தெரியும்.

பிபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் அதிகம். அதுவரைக்கும் பிபியே இல்லாத பெண்ணுக்குக்கூட ஐந்தாம் மாதத்துக்கு மேல் அது ஏறலாம். 140/90 தொட்டாலே கவனிக்க வேண்டும், 160/110 என்றால் அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, முந்தின பிரசவத்தில் பிபி இருந்தவர், சர்க்கரை உள்ளவர், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதேபோல வந்திருந்தால், இவர்களுக்கெல்லாம் வாய்ப்பு அதிகம். முன்னாலேயே போய்க் காட்டினால் மூன்று, நான்கு மாதத்திலேயே டாக்டர் ஒரு சின்ன மாத்திரையைத் தொடங்கி ஓரளவுக்குத் தடுக்கவும் முடியும். ஏறுகிற பிபி ஆரம்பத்தில் எந்த வலியும் தராது, அதனால்தான் நன்றாக இருக்கிறேனே எதற்கு செக்கப் என்று கேட்கிறவர்களை நாங்கள் விடாமல் துரத்துகிறோம். அதிகமாகும்போது உடம்பு காட்டிக்கொடுக்கும்: மாத்திரை போட்டும் விடாத தலைவலி, கண் மங்குவது, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி தெரிவது, காலையில் எழும்போதே முகமும் கையும் வீங்கியிருப்பது, விலா எலும்புக்குக் கீழே வலது பக்கமோ நெஞ்சுக்குழியிலோ வலி, கூடவே வாந்தி. அந்த வயிற்று வலி வாயுவால் வருவது இல்லை, ஈரல் பாதிக்கப்பட்டு அதன் மேலுறை இழுபடுவதால் வருவது. அதற்கு சோடா வாங்கிக் கொடுப்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், ராத்திரி முழுக்க விளக்கெண்ணெய் தடவி விடுவார்கள்.

நான் பார்த்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். எட்டாம் மாதம், தலைப்பிரசவம், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு புதன்கிழமை நான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி விஷயமாகப் போயிருந்தேன், திண்ணையில் உட்கார்ந்து வலது கை மோதிரத்தைக் கழற்ற சோப்பு நுரையோடு போராடிக்கொண்டிருந்தாள். விரல் மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. என்னம்மா ஆச்சு என்றேன். “ஒண்ணுமில்ல நர்சம்மா, நேத்துலேர்ந்து இறுக்குது” என்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்தே, “சாப்பிட்டது செரிக்கல, ராத்திரி பூரா நெஞ்சுக்குழி வலின்னு தூங்கல, இப்பதான் சோடா குடிச்சா” என்றார். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது, ஆனால் அதைவிட டிவியில் ஓடுகிற எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றாள். பிபி 170/120. அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு மாப்பிள்ளைக்கு போன் போட்டார், அவர் எடுக்கவில்லை, அவர் வரட்டும் என்றார். வரட்டும், ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று சொல்லி 108ஐக் கூப்பிட்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்று ராத்திரியே ஆபரேஷன், குழந்தை எடை குறைவு, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இன்றைக்கு அது பள்ளிக்கூடம் போகிறது.

அந்த மெக்னீசியம் ஊசி விலை குறைந்த பழைய மருந்துதான். 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2002ல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கும் கீழே குறைத்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிற மருந்து. ஆனால் அங்கே போனால்தானே போட முடியும். ஒருவேளை வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பல்லுக்கிடையில் கரண்டி வைக்காதீர்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் பூசாரியிடம் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

கால் வீக்கத்தைப் பற்றிப் பயந்துபோய்க் கேட்கிறவர்களும் உண்டு, அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் பாதம் வீங்குவதும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வடிவதும் சாதாரணம். முகமும் கைவிரலும் வீங்குவது, ஒரே வாரத்தில் எடை திடீரென்று ஏறுவது, இவை சாதாரணம் இல்லை. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் அது வேறு ஆபத்து, ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். அதைத் தேய்த்து விடக் கூடாது.

இந்த இடத்தில் வளைகாப்பைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவது நல்ல பழக்கம், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிபி ஏறுகிற நேரமும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கடைசி மாதத்தில் வாரா வாரம் செக்கப் போக வேண்டிய நேரமும் அதுதான். புகுந்த வீட்டு ஊர் நர்ஸ், பெண் அங்கே போய்விட்டாள் என்று நினைப்பார், பிறந்த வீட்டு ஊர் நர்ஸுக்கு வந்ததே தெரியாது. அப்படி இரண்டு ஊருக்கும் நடுவே விட்டுப்போன பெண்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. தாய் சேய் நல அட்டையைப் பார்த்தால் ஆறாம் மாதம் வரை கட்டம் கட்டமாக பிபி, ரத்த அளவு, எடை எல்லாம் எழுதியிருக்கும், அதற்கப்புறம் வெறும் கட்டம்தான். பீரோவில் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கும் அந்த அட்டையை, அம்மா வீட்டுக்குப் போகிற பையில் சீர்வரிசைக்கும் முன்னால் வையுங்கள். போன மறுநாளே அந்த ஊர் நர்ஸிடம் பதிவு எண்ணைச் சொல்லுங்கள், பிக்மி எண் என்கிற அந்தக் கர்ப்பப் பதிவு எண் எந்த ஊரிலும் செல்லும். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டரே பார்க்கிற முகாமும் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வருகிற 18,000 ரூபாய் உதவிக்காக அந்த எண்ணை மறக்காமல் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதே எண்ணை வைத்து உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு நடத்துகிற சமுதாய வளைகாப்பு விழாவிலும் இதைச் செய்யலாம். வளையலும் கலவை சாதமும் கொடுக்கிற அதே மண்டபத்தில் ஒரு ஓரமாக மேஜை போட்டு எல்லோருக்கும் பிபி பார்க்கட்டும். கூட வந்திருக்கிற மாமியாரையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் இந்த அறிகுறிகளைச் சொல்லட்டும். கர்ப்பிணியிடம் மட்டும் சொல்லிப் பிரயோஜனம் குறைவு, எப்போது கிளம்புவது என்று அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் அவள் இல்லை.

அடுத்து ரத்தம். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து பிரசவம் வரை, பொட்டு அளவு பட்டாலும் சொல்லிவிட வேண்டும், ஒன்றுமில்லை என்பதை டாக்டர் சொல்லட்டும். நாள் தள்ளிப்போய் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் ஒரு பக்க அடிவயிற்றில் வலி, லேசான ரத்தம், மயக்கம், சிலருக்குத் தோள்பட்டையில் வலி வந்தால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே போகும், பெண் வெளுத்துச் சரிந்துவிடுவாள். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது, தள்ளிப்போன தீட்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கலைப்பவர்கள் இருக்கிறார்கள், கல்யாணமானவர்களும்தான். குழாயில் இருக்கிற கருவை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, ரத்தம் வந்தது, சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டு உயிருக்குப் போராடி வருவார்கள். கருக்கலைப்பு சட்டப்படி நடக்கக்கூடியது, அரசு மருத்துவமனையில் போய்க் கேளுங்கள், முதலில் ஸ்கேன் பார்த்துவிடுவார்கள்.

கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தால் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கருப்பையின் வாய்ப் பக்கமாகக் கீழே இருக்கலாம். ஸ்கேனில் ஏற்கெனவே அப்படி எழுதியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை, முதல் தடவை தானாக நின்றாலும் அடுத்த தடவை நிற்காமல் போகலாம். அதற்கு மாறாக வயிறு பலகை மாதிரி கெட்டியாகி, விட்டு விட்டு வராமல் ஒரே வலியாக இருந்தால் நஞ்சு பிரிந்துகொண்டிருக்கலாம், அப்போது வெளியே கொஞ்சம்தான் ரத்தம் தெரியும், உள்ளே நிறையப் போயிருக்கும். எவ்வளவு போச்சு என்று துணியைப் பார்த்து அளக்காதீர்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று உட்காருகிற விஷயம் இல்லை.

பிள்ளை அசைவு. முதல் தடவையாக இருந்தால் ஐந்தாம் மாதவாக்கில் தெரிய ஆரம்பிக்கும், ஏழாம் மாதத்துக்கு அப்புறம் அதற்கென்று ஒரு பழக்கம் வந்துவிடும், அந்தத் தாய்க்குத்தான் அது தெரியும். மாதம் முற்றினால் இடம் இல்லாமல் அசைவு குறைந்துவிடும் என்று சொல்வது தவறு. அசைகிற விதம் மாறும், உதை குறைந்து உருளுவது மாதிரி இருக்கும், ஆனால் அசைவே குறையாது. குறைந்த மாதிரி இருந்தால் ஏதாவது சாப்பிட்டு இடது பக்கமாகப் படுத்துக் கவனியுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது வர வேண்டும். வரவில்லையா, விடியட்டும் என்று இருக்காதீர்கள். எண்ணிக்கை சரியாக வந்தும் மனசு சமாதானம் ஆகவில்லையா, அப்போதும் போங்கள். நாங்கள் வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் உங்களுக்கு என்ன நஷ்டம்.

சூட்டு வலிக்கு வருகிறேன். ஒன்பதாம் மாதம் நிறைவதற்கு முன்னால் விட்டு விட்டு, ஒரே இடைவெளியில் அடிவயிறும் இடுப்பும் வலித்தால் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அது குறைப்பிரசவ வலியாக இருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள், அது முழுதாக வேலை செய்ய ஒரு நாள் வேண்டும். வீட்டில் நீங்கள் காத்திருந்த ராத்திரிதான் அந்த ஒரு நாளில் பாதி. பனிக்குடம் உடைந்து தண்ணீர் வந்தால் வலி வரட்டும் என்று இருக்க வேண்டாம், குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், ராகு காலம் முடியட்டும் என்றெல்லாம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், நாற்றம் இருந்தால், காய்ச்சல் இருந்தால் போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். சிலருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், சிறுநீரா தண்ணீரா என்று குழப்பமாக இருந்தால் நாப்கின் வைத்துப் பார்த்து அதையே எடுத்துக்கொண்டு போங்கள்.

மூச்சு வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, படபடப்பு நிற்கவில்லை, இருமல் விடவில்லை என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு காய்ச்சலும் மூட்டு வலியும் வந்து இதய வால்வு பழுதான பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், கல்யாணம் வரை ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவே 40 சதவீதத்துக்கு மேல் கூடும்போதுதான் அந்த இதயம் திணறும். ரத்தசோகையும் மூச்சு வாங்க வைக்கும், இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கிறது, ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் குறைவு, 7க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது, பிள்ளை கறுத்துவிடும் என்று குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலம் கறுப்பாவது மாத்திரையால்தான், பயம் இல்லை, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னும் சில உண்டு. குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகாதது, போனாலும் அடர் மஞ்சளாக இருப்பது, இதை மசக்கை என்று விட்டுவிட முடியாது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். எந்தக் காய்ச்சலும், அதுவும் டெங்கு பரவுகிற மழைக்காலத்தில், ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் இளநீரோடு நிறுத்தாமல் பரிசோதனை செய்யுங்கள். கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் ராத்திரியில் அதிகமாக அரித்தால் அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்டாலோ பைக்கிலிருந்து விழுந்தாலோ வெளிக்காயம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

எப்படிப் போவது என்பதும் முக்கியம். ஆட்டோ பிடித்து முதலில் தெருமுனை கிளினிக், அங்கிருந்து ஒரு நர்ஸிங் ஹோம், அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் என்று நான்கு வாசல் ஏறி இறங்கி வந்து சேருகிற பெண்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. 108 இலவசம், அதில் வருகிறவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் மகப்பேறு டாக்டரும் ரத்தமும் இருக்கும் என்று தெரியும், போகும்போதே சொல்லிவிடுவார்கள். சீமாங் மையம் என்று போர்டு வைத்திருக்கிற அரசு மருத்துவமனைகள் இதற்காகவே 24 மணி நேரமும் இயங்குகின்றன. உங்கள் ஊருக்கு அது எங்கே என்பதை ஏழாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் ரத்த வகையைச் சேர்ந்தவர்கள் உறவில் யார் இருக்கிறார்கள் என்பதையும். சந்தேகம் மட்டும்தான், கிளம்பலாமா வேண்டாமா என்று இருந்தால் 104ல் கேளுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். இணையத்தில் தேடிப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் துறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நடுராத்திரியில் வலி என்று வந்த பெண்ணிடம், பொய் வலிக்கெல்லாம் வந்துட்டியா, அதுக்குள்ள என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தால் அவள் அடுத்த தடவை உண்மையான வலிக்கும் வர மாட்டாள். கூட வந்த மாமியார் ஊர் முழுக்கச் சொல்லுவார், தேவையில்லாமல் போய்த் திட்டு வாங்கினோம் என்று. அதைக் கேட்ட இன்னும் நாலு வீட்டில் கிளம்புவது தள்ளிப்போகும். வேலைப் பளு எனக்குத் தெரியும், ஒரு டியூட்டியில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். இருந்தாலும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லைம்மா, மறுபடி இப்படி இருந்தா தயங்காம வா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம், பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். தாய்க்கு 42 நாள் வரை கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் விழுந்தால், குளிரோடு காய்ச்சல் வந்தால், தீட்டு நாறினால், தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தால், மார்பு கட்டிச் சிவந்தால் உடனே போக வேண்டும். பிபியால் வருகிற வலிப்பு பிரசவத்துக்கு அப்புறமும் வரும், கர்ப்பத்தில் பிபியே இல்லாதவருக்கும் வரலாம். எனவே தலைவலியும் கண் மங்கலும் அப்போதும் அதே அவசரம்தான். பத்தியம் என்று தண்ணீரையே குறைத்துக் கொடுக்காதீர்கள், பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். காரணமில்லாமல் அழுகிறாள், தூக்கமே இல்லை, பிள்ளையைத் தொட மாட்டேன் என்கிறாள், செத்துவிடலாம் என்று பேசுகிறாள் என்றால் காத்து கருப்பு என்று தாயத்து தேடாமல் 14416 என்ற இலவச மனநல எண்ணுக்கோ 104க்கோ கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள். அப்படிப்பட்டவளைத் திட்டினால் இன்னும் மோசமாகும். பச்சை உடம்புக்காரியை வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று யாராவது தடுத்தால், வண்டியில் ஜன்னலைச் சாத்திப் போர்வை போர்த்திக் கூட்டிப் போங்கள், ஆனால் கூட்டிப் போங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.